காலுக்கு நேர்ந்த பட்டினி

மதுரைவீரனின் வலது காலை வெள்ளிக்கிழமை எடுத்துவிடலாம் என்று ஆபரேஷன் டாக்டர் அரவிந்தன் சொன்னபோது, அதைக் கேட்டுக்கொண்டு நின்றது சிஸ்டர் இருதயமேரி ஒருத்திதான்.

"முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாம் சிஸ்டர். சுகர் கட்டுக்குள்ள வந்தா விரலோட நிறுத்தலாம்னு பார்த்தேன். வரலையே. சுகர் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."

சொல்லிவிட்டு அவர் ஓ.பி.க்குப் போய்விட்டார். மத்தியானம் சுகர் டாக்டர் ஜஹானாரா வந்தார். இருதயமேரி சொன்னாள். அவருக்கு முகம் சுருங்கியது.

"புண்ணுல சீழ் இருக்கிற வரைக்கும் சுகர் எப்படி எறங்கும்? முதல்ல புண்ணைக் கட்டுக்குள்ள கொண்டு வரட்டும். அவர்கிட்ட சொல்லுங்க சிஸ்டர்."

பேச்சுவார்த்தை நின்றுபோன புருஷன் பொண்டாட்டிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி இருதயமேரி அங்கேயும் இங்கேயும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் இரண்டு பேருக்கும் பகையென்று ஒன்றும் கிடையாது. வருகிற நேரம் வேறு, அவ்வளவுதான். அரவிந்தன் காலையில் வந்து பத்துப் படுக்கையையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு ஓடுவார், சாயங்காலம் கே.கே. நகரில் அவருக்குச் சொந்த கிளினிக். ஜஹானாரா மத்தியானத்துக்கு மேல். சாப்பாட்டுக்குச் சீட்டு எழுதுகிற மகாலட்சுமி ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, பெண்கள் வார்டை முடித்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருவாள். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் படிப்பார்கள் என்று எல்லோரும் எழுதினார்கள். எழுத வேண்டியது இருந்ததால் யாருக்கும் படிக்க நேரமில்லை.

மாம்பழச்சாலையை ஒட்டிய டிரஸ்ட் ஆஸ்பத்திரி அது. கூலிக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். மதுரைவீரனும் அப்படி வந்தவன்தான். ஜீயபுரத்துப் பக்கம் வாழைத்தோட்டங்களில் தார் வெட்டி லாரிக்குச் சுமக்கிற வேலை. ஐம்பதை நெருங்கினாலும் தோள் இரண்டும் பலகை மாதிரி இருக்கும். வாழைக்கு முட்டுக்கொடுக்கத் தோட்டத்தில் வெட்டிப் போட்டிருந்த கம்பின் கூர் உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. சர்க்கரை நோய் பாதத்தை ஏற்கெனவே மரத்துப்போக வைத்திருந்ததால் அவனுக்கு அது உறைக்கவே இல்லை. சருகில் ரத்தத்தடம் கிடப்பதைப் பார்த்துக் கூட இருந்தவர்கள்தான் சொன்னார்கள். அவன் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் தார் சுமந்தான். அதற்கு மறுநாளும். கூலி வேலையில் புண்ணுக்கு லீவு கிடையாது. அழுகிய வாடை வந்த பிறகுதான் அவன் பொண்டாட்டி ராக்கம்மாள் ஷேர் ஆட்டோவில் போட்டு இங்கே கொண்டுவந்து சேர்த்தாள்.

இருதயமேரிக்கு அந்த மாதிரிக் கால்கள் பழக்கம். லால்குடியில் அவள் அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். சுமக்கிறவனுக்குக் கால் போனால் ஆள் போன மாதிரி என்பதை அவளுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அதனாலேயே இந்தக் காலுக்கு அவளே கட்டுப் போட்டாள். வேறு சிஸ்டர்களை விடவில்லை.

"என்ன சிஸ்டர், இன்னைக்கு எப்படி இருக்கான் நம்மாளு?" என்று காலைத்தான் விசாரிப்பான் மதுரைவீரன். அவனால் குனிந்து அதைப் பார்க்க முடியாது. பார்க்கவும் மாட்டான்.

"இருக்கான், இருக்கான். நீங்க ஒழுங்காச் சாப்டீங்கன்னா அவனும் ஒழுங்கா இருப்பான். சாப்டாச்சா?"

"ஆச்சு சிஸ்டர்."

தினமும் இதே கேள்வி, இதே பதில். தட்டும் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் அவள் தினமும் இன்சுலின் ஊசியைப் போட்டாள்.

புதன்கிழமை காலை. ஊசியைப் போட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்துக் கட்டைப் பிரிக்க உட்கார்ந்தாள். மதுரைவீரன் வழக்கம்போல வாயளக்கவில்லை. வலிக்கிறதோ என்று நினைத்து, வலிக்க வழியில்லையே என்று தன்னையே திருத்திக்கொண்டாள். அப்போது அவன் உரக்கப் பேசினான்.

"டேய், தாரை எறக்குங்கடா! லாரி கெளம்புது பாரு!"

நிமிர்ந்து பார்த்தாள். அவன் நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. கண் எங்கேயோ போய்விட்டது. ஆள் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தான். "ராக்கம்மா, பிடிங்க அவரை!" என்று கத்திவிட்டு விரல்நுனியைக் குத்தி மெஷினில் வைத்தாள். சர்க்கரை முப்பத்தெட்டுக்கு விழுந்திருந்தது. டியூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, மருந்து ஏறுவதற்காகக் கையில் ஏற்கெனவே போட்டிருந்த ஊசி வழியாகவே குளுக்கோஸைச் செலுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் கண் திரும்பியது. சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கூச்சப்பட்டான்.

"என்ன சிஸ்டர், எல்லாரும் வந்து நிக்கிறீங்க? போயிட்டேன்னு நெனச்சீங்களா?"

"போகப் பாத்தீங்க. புடிச்சு இழுத்துட்டோம்" என்றாள். ஊசியைப் போட்டது அவள் கை.

செய்தி கேட்டு ஜஹானாரா காலையிலேயே வந்துவிட்டார். நோன்பு மாதம், விடியற்காலை சஹர் சாப்பாட்டுக்கு எழுந்த களைப்பு முகத்தில் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"சாப்பிட்ட ஆளுக்கு இவ்வளவு எறங்காது சிஸ்டர். சாப்பிட்டாரா இல்லையா? பாத்தீங்களா, கேட்டீங்களா?"

"கேட்டேன் டாக்டர். ஆச்சுன்னாரு. தட்டும் காலியா இருந்துச்சு."

அதே நேரத்தில் அரவிந்தனும் வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கத்தான் வந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இந்தப் படுக்கையருகில் அவர்கள் சேர்ந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"நீங்க இருக்கீங்களா மேடம்? நல்லது. சிஸ்டர், அப்புறமா நான்..." என்று அரவிந்தன் திரும்பப் பார்த்தார்.

"போகாதீங்க சார்" என்றாள் இருதயமேரி.

குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொல்றதை அவங்ககிட்டயும் அவங்க சொல்றதை உங்ககிட்டயும் தூக்கிட்டு அலையறேன் சார். இன்னைக்கு என் கையால ஒரு உசுரு போகப் பாத்துச்சு. ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க. மகாலட்சுமி மேடத்தையும் கூப்பிடறேன். எல்லாரும் இவர் முன்னாடி பேசுங்க. எனக்குப் புரியணும்."

அரவிந்தனுக்கு இப்படி யாரும் சொல்லிப் பழக்கமில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனாலும் ஜஹானாரா ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டதால் அவராலும் போக முடியவில்லை.

மகாலட்சுமி படியேறி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியபடி சொன்னாள்: "இவரா? இவருக்கு என்ன குறை? தட்டு காலியாத்தான் வர்றது. நன்னா சாப்பிடறாரேன்னு இன்னும் ஒரு முட்டை சேர்த்து எழுதியிருக்கேன்."

"முட்டையா?" அரவிந்தன் நெற்றியைச் சுருக்கினார். "இவ்வளவு சாப்பிடற ஆளுக்குப் புண்ணு ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? சதை வளரவே இல்லை. பட்டினி கெடக்கிறவன் புண்ணு மாதிரி இருக்கு."

"எனக்கு வேற சந்தேகம்" என்றார் ஜஹானாரா. "சாயங்காலம் பார்த்தா சுகர் எக்கச்சக்கமா ஏறி நிக்குது. அதைப் பார்த்துத்தான் காலை ஊசியைக் கூட்டிட்டே வந்தேன். காலையில என்னடான்னா இப்படி. சாயங்காலம் எதையோ இனிப்பாச் சாப்பிடறாரு."

இருதயமேரிக்குச் சட்டென்று கட்டிலுக்கு அடியில் ஓடிய எறும்புகள் ஞாபகத்துக்கு வந்தன. பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட் சிந்திவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்து, கூட்டுகிறவரிடம் பவுடர் போடச் சொல்லியிருந்தாள். அதைச் சொன்னாள்.

நான்கு பேரும் ஒரே நேரத்தில் ராக்கம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். மதுரைவீரன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவளைப் பாக்காதீங்க" என்றான். "நான்தான் சொன்னேன். பச்சைப் பட்டினி கெடக்கேன்."

மகாலட்சுமிக்கு உடனே புரிந்தது. இருதயமேரிக்கும் புரிந்தது. மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கிப் பங்குனி வரைக்கும் சமயபுரம் மாரியம்மனே பட்டினி கிடப்பாள். கோயிலில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. வெல்லம் கலந்த பச்சரிசித் துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான். ஆத்தாளோடு சேர்ந்து ஊர்ச்சனமும் விரதம் இருக்கும். மதுரைவீரன் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே அந்த விரதத்தை இருந்திருக்கிறான். காலையில் வந்த இட்லியையும் மத்தியானத்துச் சோற்றையும் ராக்கம்மாள் கடைசிப் படுக்கைக்காரரின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தட்டைக் கழுவி வைத்திருக்கிறாள். பொழுது சாய்ந்ததும் தண்ணீர் பாட்டிலில் வெல்லம் கரைத்துப் பானகம்.

"நான் கேக்கறப்பல்லாம் ஆச்சுன்னீங்களே" என்றாள் இருதயமேரி.

"சாப்டியான்னு கேட்டா ஆச்சுன்னுதான சிஸ்டர் சொல்லணும்? இல்லைன்னு சொன்னா நீங்க சங்கடப்படுவீங்க."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் வீட்டிலும் அப்படித்தான். அடுப்பு எரியாத நாளிலும் வாசலில் நின்று கேட்பவர்களிடம் அவள் அம்மா ஆச்சு என்றுதான் சொல்லுவாள். ஊசி போடும் முன் கேட்கவேண்டிய கேள்வியை அவள் தெருவில் குசலம் விசாரிப்பதுபோலக் கேட்டிருந்தாள். அவனும் தெருவில் சொல்வதைச் சொல்லியிருந்தான்.

அரவிந்தனுக்குப் பொறுமை போய்விட்டது. "என்னய்யா பண்ணி வச்சிருக்க? உனக்குக் கால் வேணுமா, விரதம் வேணுமா?"

"காலுக்குத்தான் டாக்டர் விரதமே."

அரவிந்தன் கையிலிருந்த பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

ஜஹானாரா ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தினார். கோபம் போய்விட்டிருந்தது. "அண்ணே, நானும் நோன்புதான். காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல. எங்ககிட்ட சுகர்காரங்க எத்தனையோ பேர் நோன்பு வைக்கிறாங்க. முன்னாடியே வந்து சொல்லுவாங்க, ஊசியை மாத்திக் குடுப்பேன். நீங்களும் சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன்ல? ஆனா புண்ணோட இருக்கறவங்களுக்கு வேணாம்னுதான் சொல்லுவேன். நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்ல. சொகமானப்புறம் வச்சு அடைச்சுக்கலாம்னு எங்க மார்க்கத்துலயே இருக்கு."

"ஒங்க சாமி கடன் குடுக்கும் டாக்டரம்மா. எங்காத்தா கோவக்காரி. சொன்னது சொன்ன தேதிக்கு வேணும்பா."

பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்துவிட்டார். ஜஹானாராவுக்கும் சிரிப்பு வந்தது.

"கோவக்காரிதான்" என்று மகாலட்சுமி முன்னால் வந்தாள். "ஆனா அவ எங்க பெருமாளுக்குத் தங்கை. தைப்பூசத்துக்குக் கொள்ளிடக்கரையில வந்து நின்னு அண்ணா அனுப்பற சீரை வாங்கிக்கறாளா இல்லியா? நான் ஸ்ரீரங்கத்துக்காரி. அண்ணா ஆத்துலேர்ந்து வந்ததை அவ வேண்டாம்னு சொல்லவே மாட்டா. சாப்பிடுங்கோ."

மதுரைவீரன் யோசித்தான். அவனுக்கு அந்தக் கணக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது என்பது தெரிந்தது. பிறகு கேட்டான்:

"பெருமாள் வீட்டுல முட்டை குடுப்பாங்களாம்மா?"

வார்டே சிரித்தது. மகாலட்சுமிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். "நான் தொட்டதுகூட இல்லை. எழுதித்தான் தர்றேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவன் தலையை ஆட்டிவிட்டான். "நேந்தது நேந்ததுதாம்மா. பாதியில வுட்டா அவ என் காலைத்தான் கேப்பா."

ராக்கம்மாள் அதுவரை சுவரைவிட்டு நகரவில்லை. இப்போது முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அவளும் தோட்டக்கூலிதான். குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாதவள்.

"யோவ். அவ எதுக்குய்யா பட்டினி கெடக்கா? சொல்லு. அவளுக்குச் சோறு இல்லாமயா? ஊருசனத்துக்கு நோய்நொடி வரக்கூடாதுன்னு நமக்காவத்தான கெடக்கா? அவ உனக்காவ வயித்தைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா, நீ அவகூடப் போட்டி போட்டுக்கிட்டுச் சாவக் கெடக்குற. இன்னைக்கு நீ உளறுனதை அவ பாத்திருந்தா எந்திரிச்சு வந்து அறைஞ்சிருப்பா."

"நேந்துட்டேனே புள்ள."

"நான் கெடக்குறேன். மிச்ச நாளுக்கு நான் கெடக்குறேன். எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு. முடிஞ்சதும் நானே நடந்துபோயி அவகிட்டச் சொல்லிக்கறேன். அவளும் பொம்பளதான, கேப்பா."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தட்டைக் கழுவி வைத்த கை அது என்று அவளுக்கும் உறுத்தல் இருக்குமல்லவா. மதுரைவீரன் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வார்டில் இத்தனை பேர் முன்னால் பொண்டாட்டி கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவன்.

"சரி" என்றான். "ஆனா கவுச்சி வேணாம். ஆத்தா பட்டினி முடியற வரைக்கும் முட்டை, கறி எதுவும் தொடமாட்டேன். மத்ததெல்லாம் திங்கறேன்."

"கவுச்சி இல்லைன்னாலும் சதை வளரப் புரதம் வேணும்" என்று அரவிந்தன் மகாலட்சுமியைப் பார்த்தார்.

"அது என் கவலை சார். கவுச்சியே இல்லாமத்தான் எங்காத்துல எல்லாரும் வளர்ந்திருக்கோம்" என்றாள் அவள். முளைகட்டின பயறு, சோயா, பனீர், தயிர், நிலக்கடலை என்று அங்கேயே விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். எப்போது, எவ்வளவு என்று ஜஹானாரா இடையில் கேட்டார். அதற்குத் தகுந்தபடி ஊசியின் அளவைக் குறைத்தார். அவர்கள் பேசுவதைக் கட்டிலில் படுத்தபடி மதுரைவீரன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான். "பனீருன்னா என்னா?" என்றான். "பாலைத் திரிச்சுப் புழிஞ்சு எடுக்கிறதுய்யா. உன் வாயிக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றாள் ராக்கம்மாள்.

மிச்சமிருந்தது வெள்ளிக்கிழமைதான்.

"ஒரு வாரம் குடுங்க சார்" என்றார் ஜஹானாரா. "இத்தனை நாள் நாம பார்த்தது இவரோட நெசமான சுகரே இல்லை. நெசத்தைக் காட்டறேன், அப்புறம் முடிவு பண்ணுங்க."

"சீழ் மேல ஏறிச்சுன்னா உசுருக்கே ஆபத்து மேடம். காலுக்காக ஆளை விட முடியாது."

"அதைத் தினமும் நீங்க பாருங்க. நாங்களும் கூட நிக்கறோம்."

அரவிந்தன் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். ஓ.பி.யில் கூட்டம் சேர்ந்திருக்கும். ஆனாலும் குனிந்து பாதத்தைப் பிடித்துக் கணுக்கால்வரை அழுத்திப் பார்த்தார். அதன்பின் மதுரைவீரனிடமே நேராகச் சொன்னார்:

"ஒரு வாரம் பார்க்கலாம். நடுவுல காய்ச்சல் வந்துச்சுன்னா, செவப்பு கணுக்காலைத் தாண்டுச்சுன்னா, அன்னைக்கே எடுத்துருவேன். அப்ப நீ ஆத்தாவைக் கூப்பிடக்கூடாது. சம்மதமா?"

"சம்மதங்க."

மறுநாளிலிருந்து நான்கு பேரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். சொல்வதற்குச் சுலபம். ஜஹானாரா தூக்கத்தை விட்டுவிட்டு வந்தார். மகாலட்சுமி பெண்கள் வார்டை அடுத்து வைத்துக்கொண்டு இங்கே முதலில் வந்தாள். அரவிந்தன் ஒவ்வொரு நாளும் முணுமுணுத்தார். "இப்படி ஒவ்வொரு பெட்டுக்கும் நின்னா நான் ஓ.பி.யை எப்ப முடிக்கிறது" என்பார். நின்றார். மூன்றாம் நாள் ஜஹானாராவும் அவரும் எந்த மருந்தைக் கொடுப்பது என்பதில் குரல் ஏற்றிச் சண்டை போட்டார்கள். இருதயமேரிக்கு அது நிம்மதியாக இருந்தது. முகத்துக்கு முகம் போடுகிற சண்டை சீக்கிரம் முடிந்துவிடும். அவள் அதைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டியதில்லை.

சாப்பிட்டாச்சா என்று அவள் இப்போது கேட்பதில்லை. தட்டு வந்ததும் கட்டிலோரம் உட்கார்ந்துகொள்வாள். முதல் இட்லி உள்ளே போனதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசி. "என்ன சிஸ்டர், மாப்பிள்ளை விருந்துல வச்சுப் பாக்குற மாதிரி பாக்குறீங்க" என்பான். முளைகட்டின பயற்றைப் பார்த்தால் மட்டும் முகம் கோணும். "மாட்டுக்கு வைக்கிறதை எனக்கு வைக்கிறீங்களே அம்மா" என்று மகாலட்சுமியிடம் புகார் சொல்வான். அவள் மறுநாள் அதையே தாளித்துக் கொண்டுவரச் சொல்வாள். ராக்கம்மாள் வராந்தாவில் உட்கார்ந்து நீர்மோர் குடித்தாள். அவளுக்கும் மயக்கம் வந்துவிடக் கூடாதென்று மகாலட்சுமி போகும்போதும் வரும்போதும் அவள் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, கையில் இளநீரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சர்க்கரை இறங்கியது. சாயங்காலத்து ஏற்றம் நின்றது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டைப் பிரித்தபோது சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கறுத்திருந்தன. இருதயமேரி சர்ச்சுப் பூசைக்குப் போகாமல் டியூட்டிக்கு வந்திருந்தாள். கறுப்பு எங்கே முடிகிறது என்று மற்றவர்களும் குனிந்து பார்த்தார்கள்.

"என்ன, எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டீங்க?" என்றான் மதுரைவீரன். அவன் குரலில் விளையாட்டு இல்லை. "மறைக்காதீங்க. ஒருத்தராவது சொல்லுங்க."

முன்பானால் வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு, இருதயமேரியை அனுப்பிச் சொல்லச் சொல்லியிருப்பார்கள். அரவிந்தன் கட்டிலிலேயே உட்கார்ந்தார்.

"ரெண்டு விரல் செத்துப்போச்சு. அது போகும். அதுல பேச்சே இல்லை. ஆனா காய்ச்சல் இல்லை. செவப்பு ஏறலை. சுகர் நிக்குது. நாளைக்கு உள்ள தொறந்து பார்க்கறேன். கீழ சதை உசுரோட இருந்தா பாதத்தை விட்டுடுவேன். இல்லைன்னா அங்கேயே, அப்பவே, முழங்காலுக்குக் கீழ. உன்னைத் திரும்பக் கேக்கமாட்டேன். முதுகுல ஊசி போடுவோம், முழிச்சுக்கிட்டுத்தான் இருப்ப. அதனால இப்பவே சொல்லிடறேன்."

மதுரைவீரன் கையெழுத்துப் போடக் கையை நீட்டினான்.

திங்கட்கிழமை ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் ராக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். இருதயமேரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். டியூட்டி நேரத்தில் அப்படி உட்காரக் கூடாது; உட்கார்ந்தாள். சற்றுக் கழித்து ஜஹானாரா வந்தார். ஒரு ரிப்போர்ட்டைத் தேடி வந்ததாகச் சொன்னார். மகாலட்சுமி காரணம் எதுவும் சொல்லவில்லை. நேராக வந்து ராக்கம்மாளுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

"நேரமாவுதே" என்றாள் ராக்கம்மாள். "எடுக்கறதுன்னா சீக்கிரம் முடியுமா, விடறதுன்னா சீக்கிரம் முடியுமா?"

ராக்கம்மாளின் உதடு வறண்டிருந்தது. மோர் வாங்கி வரட்டுமா என்று மகாலட்சுமி கேட்டாள். தலையை ஆட்டினாள். ஜஹானாரா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பட்டினி கிடக்கிற இரண்டு பெண்கள், பக்கத்துப் பக்கத்தில். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கறியும் மீனும் தொடாத இருதயமேரியையும் சேர்த்தால் அந்தப் பெஞ்சில் வயிறாரச் சாப்பிட்டவள் மகாலட்சுமி ஒருத்திதான். அவளும் அன்று ஏகாதசி என்று சொன்னபோது, அந்தக் கவலையிலும் நான்கு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கும் முன்னே கதவு திறந்தது. அரவிந்தன் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டபடி வந்தார். அந்தப் பெஞ்சில் இத்தனை பேரை அவர் எதிர்பார்க்கவில்லை.

"ரெண்டு விரல்தான்" என்றார். "கத்தி வச்ச எடமெல்லாம் ரத்தம். நல்ல ரத்தம். போன வாரம் இது இல்லை."

ராக்கம்மாள் எழுந்தாள். கும்பிட்டாள். உடனே கையை இறக்கிக்கொண்டு கேட்டாள்: "சுமை தூக்கலாங்களா?"

"கூடாதும்மா. இனிமே எப்பவும் கூடாது. தார் சுமந்தா அந்தப் பாதமும் நிக்காது."

அவள் முகத்தில் ஒரு கணக்கு ஓடி மறைந்ததை இருதயமேரி பார்த்தாள். அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும். அதை இன்றைக்கு இங்கே யாராலும் தீர்க்க முடியாது என்பதும் தெரியும்.

"நடக்கலாங்களா?"

"நடக்கலாம். ஆறினதும், தனிச் செருப்புப் போட்டு நடக்கலாம். சமயபுரம் வரைக்கும் வேணாம். பஸ்ல போகச் சொல்லுங்க."

தள்ளுவண்டியில் மதுரைவீரன் வெளியே வந்தான். கண் திறந்திருந்தது. முதுகில் போட்ட ஊசியால் இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தது. டாக்டர்களை அவன் பார்க்கவில்லை. பொண்டாட்டியைத் தேடினான்.

"ராக்கு, இவங்க சொல்றாங்க. எனக்குத் தெரியல. நீ பாத்துச் சொல்லு. இருக்கா?"

அவள் போர்வையை ஓரமாகத் தூக்கினாள். மாவுருண்டை மாதிரி பெரிய வெள்ளைக் கட்டு. அதற்குப் பின்னால் குதிகால் இருந்தது, வெடிப்பு வெடிப்பாக, தோட்டத்து மண் இன்னும் முழுசாகப் போகாமல். இரண்டு கையாலும் அதைப் பொத்திப் பிடித்தாள்.

"இருக்குய்யா. புடிச்சிருக்கேன்."

"நெசமாப் புடிச்சிருக்கியா? உறைக்கலையே."

"புடிச்சிருக்கேன்ங்கறேன்ல."

வண்டி நகர்ந்தது. ராக்கம்மாள் கையை எடுக்கவில்லை. குனிந்த முதுகோடு பக்கவாட்டில் கூடவே நடந்தாள். வண்டிக்காரர் வேகத்தைக் குறைத்தார். ஜஹானாரா தொங்கிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலைக் கழற்றி உயரமாகப் பிடித்துக்கொண்டார். மகாலட்சுமி முன்னால் ஓடி லிஃப்ட் கதவை மூடவிடாமல் தோளைக் கொடுத்து நின்றாள். அரவிந்தன் ஓ.பி. பக்கம் திரும்பியவர், ஒரு நொடி நின்று, வந்து வண்டியின் இன்னொரு மூலையைப் பிடித்தார்.

"மெதுவா" என்றாள் இருதயமேரி. "லிஃப்ட் வாசல்ல சின்னப் படி இருக்கு."